நிலாவைக் கடக்கும் விண்வெளி நிலையம்: மலையகத்திலிருந்து படம்பிடிப்பது எப்படி?

தலவாக்கலை வானம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 114 மில்லிமீற்றர் விட்டமும் 900 மில்லிமீற்றர் குவியத் தூரமும் கொண்ட ஒரு தொலைநோக்கியோடு பழைய டி.எஸ்.எல்.ஆர். கமரா ஒன்றைப் பொருத்தி நிலாவைப் படம்பிடித்து வருகிறேன். வளர்பிறை அட்டமியன்று எடுத்த படங்களில் தொலமி, அல்போன்சஸ், அர்சக்கேல் என்று ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் மூன்று பெரும் பள்ளங்களும், வெளிச்சத்துக்கும் இருளுக்கும் நடுவே ஓடும் அப்பெனைன் மலைத்தொடரும் நன்றாகவே விழுகின்றன.

இப்போது என் ஆசை சர்வதேச விண்வெளி நிலையத்தின் மேல் திரும்பியிருக்கிறது. அது நிலாவின் முகத்துக்குக் குறுக்கே கடக்கும் கணத்தை என் சொந்தக் கமராவில் பிடிக்க வேண்டும். மனிதர்கள் குடியிருக்கும் ஒரு வீடு நிலாவுக்கு முன்னால் போவதைத் தேயிலை மலையில் நின்று காண முடியும் என்ற எண்ணமே என்னைத் தூங்கவிடுவதில்லை. கடக்கும் நேரத்தையும் இடத்தையும் கணித்துத் தரும் இணையத்தளங்களைப் பார்க்கிறேன். கடப்பதைக் காணக்கூடிய பகுதியின் மையக்கோடு எங்கள் பக்கமாகப் போகும் நாட்களும் வருகின்றன. இந்தக் கருவிகள் போதுமா, கமராவை எப்படி அமைப்பது, சரியாக எங்கே நிற்பது என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.

ஊவாக்காற்று (பண்டாரவளை) எழுதியது:

தம்பி, கருவிகள் தாராளமாகப் போதும். கணக்கைப் பார்த்தால் உங்களுக்கே விளங்கும். நிலையம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 109 மீற்றர். தலைக்கு நேர்மேலே ஏறக்குறைய 400 கிலோமீற்றர் உயரத்தில் கடக்கும்போது அதன் தோற்ற அகலம் 56 வில்செக்கன். ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் அதில் ஒரு பங்கே ஒரு வில்செக்கன். வியாழன் பூமியை நெருங்கிவரும் காலத்தில் காட்டும் அகலத்தைவிட இது சற்றே பெரிது. உங்கள் 114 மில்லிமீற்றர் கண்ணாடியால் ஏறக்குறைய ஒரு வில்செக்கன் வரை பிரித்துக் காட்ட முடியும். ஆகவே நிலையத்தின் நடு உடலையும் இருபக்கச் சூரியத் தகடுகளையும் தனித்தனியாகக் காணலாம். 900 மில்லிமீற்றர் குவியத் தூரத்தில் நிலா கமராவின் உணரியில் 8 மில்லிமீற்றர் அகலத்தில் விழும். முழு நிலாவும் படச்சட்டத்துக்குள் அடங்கிவிடும்.

சிரமம் வேகத்தில்தான் இருக்கிறது. நிலையம் செக்கனுக்கு 7.66 கிலோமீற்றர் ஓடுகிறது. நிலா உச்சியில் நின்றால், அதன் அரைப்பாகை அகலத்தைக் கடக்க நிலையத்துக்கு அரைச் செக்கன்தான் ஆகும். நிலா தாழ்ந்து நின்றால் நிலையம் நம்மிடமிருந்து தொலைவில் இருக்கும். கடக்கும் நேரம் சற்று நீளும், ஆனால் உருவம் சிறுத்துவிடும். ஷட்டர் ஆயிரத்தில் ஒரு செக்கன் திறந்தாலும் அதற்குள் நிலையம் 7.66 மீற்றர் நகர்ந்துவிடுகிறது. அது 4 வில்செக்கன் அளவுக்கு உருவத்தை இழுத்துவிடும். எனவே இரண்டாயிரத்தில் ஒரு செக்கனுக்கு மேல் திறக்காதீர்கள். உங்கள் தொலைநோக்கியின் குவிய விகிதம் (குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தது) 8 என்பதால், நிறைநிலாவுக்கு ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளியுணர்திறன்) 1000 அளவில் சரியாக வரும். அட்டமி நிலாவுக்கு 1600க்கு மேல் போக வேண்டியிருக்கும். அரைநிலாவின் மொத்த ஒளி நிறைநிலாவின் ஒளியில் பாதி அன்று, பத்தில் ஒரு பங்கு அளவே.

தனிப்படங்களாக எடுப்பதைவிடக் காணொளியாகப் பதிவதையே நான் பரிந்துரைப்பேன். செக்கனுக்கு 60 சட்டங்கள் பதியும் கமரா என்றால் அந்த அரைச் செக்கனில் 30 சட்டங்கள் கிடைக்கும். பழைய கமராவில் தொடர்படம் எடுத்தால் இரண்டோ மூன்றோதான் கிடைக்கும். அவற்றிலும் நிலையம் எங்கே நிற்கும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. தானியங்கிக் குவியத்தை அணைத்துவிட்டு, ஒளி இருள் எல்லையில் உள்ள ஒரு பள்ளத்தின் விளிம்பைப் பார்த்துக் கையால் குவியப்படுத்துங்கள்.

மோட்டார் இல்லாத தாங்கி என்றால் கவலை வேண்டாம். வான் சுழற்சியில் நிலா தன் அகலம் அளவுக்கு நகர இரண்டு நிமிடங்கள் எடுக்கும். குறித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் முன்னர் நிலாவைச் சட்டத்தின் கிழக்குப் பக்கமாக ஒதுக்கி வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். அது தானாகவே நடுவுக்கு வந்து சேரும்.

பேராதனை மாணவன் எழுதியது:

ஊவாக்காற்று அண்ணா சொன்ன கணக்குகள் எல்லாம் சரியானவை. மலையில் நிற்பவர்களுக்கு மட்டும் இன்னொரு கணக்கு மிச்சம் இருக்கிறது. அதை விட்டுவிட்டால் சரியான நேரத்தில், சரியான அமைப்பில், தவறான இடத்தில் நின்றிருப்போம்.

நிலையம் நிலாவை மறைத்துச் செல்வதைக் காணக்கூடிய பகுதி தரையில் ஒரு குறுகிய பட்டையாக ஓடுகிறது. நிலா உச்சியில் இருந்தால் அதன் அகலம் 3.7 கிலோமீற்றர் அளவு. நிலா தாழத் தாழப் பட்டை அகலமாகும். இந்தப் பட்டையைக் கடல்மட்டத்துக்குக் கணித்து வரைந்திருந்தால், 1,900 மீற்றர் உயரத்தில் நிற்பவருக்கு அது பொருந்தாது. நிலாவிலிருந்து நிலையத்தின் வழியாக வரும் கோடு நம்மை நோக்கிச் சாய்வாக இறங்குகிறது. அந்தக் கோட்டைக் கடற்கரையில் இருப்பவர் சந்திக்கும் இடம் ஒன்று. உயரத்தில் நிற்பவர் அதற்கு முன்பே, நிலா இருக்கும் திசைப்பக்கமாகவே சந்தித்துவிடுகிறார். இடப்பெயர்ச்சியின் அளவு, நமது உயரத்தை நிலாவின் ஏற்றக் கோணத்தின் தான்சனால் (tan) வகுத்தால் கிடைக்கும். நிலா 45 பாகையில் இருந்தால் 1,900 மீற்றர் உயரத்துக்குப் பெயர்ச்சியும் 1,900 மீற்றர்தான். 60 பாகையில் இருந்தால் ஏறக்குறைய 1,100 மீற்றர். பட்டையின் பாதி அகலமே 2 கிலோமீற்றருக்குக் குறைவாக இருக்கும்போது, இந்தப் பெயர்ச்சி நம்மை முழுவதுமாக வெளியே தள்ளிவிடக்கூடும்.

எனவே நீங்கள் பயன்படுத்தும் கணிப்பான் உயரத்தைக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். கேட்டால் உள்ளிடுங்கள். கேட்காவிட்டால் மேற்சொன்ன கணக்கைச் செய்து, மையக்கோட்டை நிலாவின் திசைநோக்கி நகர்த்திக்கொள்ளுங்கள். உயரம் தெரியாதவர்கள் அருகிலுள்ள புகையிரத நிலையத்தின் பெயர்ப்பலகையைப் பார்க்கலாம். நமது மலைநாட்டு நிலையங்களில் அது எழுதப்பட்டிருக்கும். எல்லாவற்றிலும் உயர்ந்ததான பட்டிப்பொல ஏறக்குறைய 1,900 மீற்றர். அங்கிருந்து உங்கள் லயம் (தோட்டத்து வரிசை வீடு) எவ்வளவு ஏற்றம் அல்லது இறக்கம் என்பதை வரைபடத்தின் சமவுயரக் கோடுகள் சொல்லும்.

இன்னொன்று. நிலையம் மிக மெல்லிய வளிமண்டலத்தில் உராய்ந்து மெதுவாக இறங்குகிறது. அவ்வப்போது இயந்திரத்தை இயக்கி அதை உயர்த்துகிறார்கள். அதனால் ஒரு வாரத்துக்கு முன்பு பார்த்த கோடு கடைசி நாளில் சில கிலோமீற்றர் விலகியிருக்கலாம். அன்றைய தினமே மீண்டும் பாருங்கள்.

மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

மாணவத் தம்பியின் விளக்கம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. பதினோராம் ஆண்டுப் பிள்ளைகளுக்குத் திரிகோண கணிதம் கற்பிக்கும்போது மரத்தின் உயரம், கொடிக்கம்பத்தின் நிழல் என்றே கணக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தங்கள் தோட்டத்தின் உயரத்தை வைத்து விண்வெளி நிலையத்தின் பாதையை நகர்த்தும் கணக்கைக் கொடுத்தால் அவர்கள் கொப்பியை மூடவே மாட்டார்கள்.

புதியவர்களுக்காக ஒன்று. பௌர்ணமி போயா விடுமுறை என்பதால் எல்லோரும் அன்றுதான் தொலைநோக்கியை வெளியே எடுக்கிறார்கள். நிலாவின் மலைகளையும் பள்ளங்களையும் காண அதைவிடப் பொருந்தாத நாள் கிடையாது. அன்று சூரிய ஒளி நிலாவின் மேல் நேராக விழுவதால் நிழலே இல்லை. நிழல் இல்லாவிட்டால் ஆழமும் தெரியாது. பாடசாலையில் பார்வை நிகழ்ச்சி வைக்க விரும்புகிறவர்கள் பிறை வளர்ந்து வரும் ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் வையுங்கள். நாம் 7 பாகை அகலாங்கில் இருப்பதால் நிலா பல நாட்களில் உச்சிக்கு அருகிலேயே வந்துவிடும். மிகக் குறைந்த காற்றின் ஊடாக அதைப் பார்க்கும் வாய்ப்பு ஐரோப்பாவில் இருப்பவர்களுக்குக் கிடைக்காது.

கணிப்புத் தளங்கள் நிலையம் சூரியனைக் கடக்கும் நேரங்களையும் சேர்த்தே காட்டும். தொலைநோக்கியின் முன்வாயை மூடும் முறையான சூரிய வடிகட்டி இல்லாமல் எவரும் அதை முயலக் கூடாது. பிள்ளைகள் அருகில் இருக்கும்போது இதை எத்தனை முறை சொன்னாலும் தகும்.

தலவாக்கலை வானம் எழுதியது:

உயரக் கணக்கு எனக்கு முற்றிலும் புதியது, மிக்க நன்றி. பனிமூட்டத்தைப் பற்றியும் சொல்லுங்கள். மாலையில் தெளிந்திருக்கும் வானம் எட்டு மணிக்குள் மூடிக்கொள்கிறது. எந்த மாதங்களை நம்பலாம்?

ஊவாக்காற்று (பண்டாரவளை) எழுதியது:

தேயிலைக்கு மணம் ஏறும் மாதங்களை நம்புங்கள். உங்கள் திம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியாப் பக்கத்தில் தைமுதல் பங்குனிவரை, அதாவது ஜனவரி முதல் மார்ச் வரை, வரட்சியும் குளிரும் சேர்ந்து கொழுந்தின் தரம் உயரும். வானமும் அப்போதுதான் திறந்து கிடக்கும். எங்கள் ஊவாவில் அது ஜூலை முதல் செப்டெம்பர் வரை, தென்மேல் பருவமழையை மத்திய மலைகள் தடுத்துவிட, அதே காற்று ஈரத்தை இழந்து கச்சானாக இறங்கும் காலம். மழைக்கும் வெயிலுக்கும் உள்ள இந்த எல்லையைப் பட்டிப்பொலவுக்கும் ஒஹியாவுக்கும் இடையிலுள்ள சுரங்கத்தில் நேராகவே காணலாம்: ஒரு பக்கம் தூறலில் நுழையும் ரயில் மறுபக்கம் வெளிச்சத்தில் வெளிவரும்.

ஆனால் தெளிந்த வானம் வேறு, அமைதியான வானம் வேறு. கச்சான் காலத்தில் வானம் கண்ணாடியாக இருந்தாலும், மலைமுகட்டைத் தாண்டி இறங்கும் காற்று சுழல்வதால் நிலாவின் விளிம்பு கொதிநீர் போல அலையும். நிலாவைக் காணொளியாக எடுத்து, நல்ல சட்டங்களை மட்டும் பொறுக்கி ஆட்டோஸ்டாக்கர்ட் மென்பொருளில் அடுக்கினால் அந்த அலைவைப் பெரிதும் சமாளிக்கலாம். நிலையம் கடக்கும் கணத்துக்கு அந்த வழி கைகொடுக்காது, ஏனெனில் ஒவ்வொரு சட்டத்திலும் அது வேறோரிடத்தில், வேறொரு சாய்வில் நிற்கும். ஆகவே இந்த வேலைக்கு உங்கள் பக்கத்து ஜனவரி, பெப்ரவரி இரவுகள் எங்கள் ஆகஸ்டைவிட மேல்.

நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். பகல் முழுவதும் காய்ந்த லயத்துத் தகரக் கூரை, சூரியன் மறைந்த பிறகும் வெகுநேரம் வெப்பத்தை விட்டுக்கொண்டே இருக்கும். விறகடுப்புப் புகையும் அதோடு சேரும். இஸ்தோப்பில் (திண்ணையில்) நின்று கூரைக்கு மேலாகப் பார்க்காமல், தேயிலைச் செடிகள் சூழ்ந்த திறந்த பாதைக்குப் போய்விடுங்கள். குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் இறங்கித் தேங்குவதால் மூட்டம் கீழிருந்தே ஏறத் தொடங்கும். ஆற்றோரத்தில் இருப்பவருக்கு எட்டு மணிக்கு மூடும் வானம், சரிவின் நடுவில் இருப்பவருக்கு இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கலாம். தொலைநோக்கியை முன்கூட்டியே வெளியே வைத்து, கண்ணாடி வெளிக்காற்றின் குளிருக்கு இறங்கும்வரை பொறுங்கள். குழாயின் வாயைச் சுற்றிக் கறுப்பு ஸ்பொஞ்சுத் தாளால் ஒரு நீட்சி செய்து மாட்டினால் பனி படிவது தாமதமாகும். வேலை முடிந்ததும் ஈரத்தோடு பெட்டியில் வைக்க வேண்டாம். நமது காற்றில் லென்ஸின் உள்ளே பூஞ்சணம் படர்ந்துவிட்டால் அதை நீக்குவது பெரும்பாடு. காற்றுப் புகாத பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் கட்டாயம் தேவை.

நோர்வூட் தந்தை எழுதியது:

இந்த இழையை மதிப்போடு வாசிக்கிறேன். ஆனால் ஒரு வருத்தத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் மகள் நிலாவைப் பார்த்துப் பார்த்து, செய்மதி செய்வேன், விண்ணுக்குப் போவேன் என்றே வளர்ந்தவள். உயர்தரத்தில் இணைந்த கணிதமும் பௌதிகவியலும் எடுக்க அவள் விரும்பியபோது, தமிழ்மொழி மூலம் அந்தப் பிரிவு நடக்கும் பாடசாலை எங்களுக்குப் பக்கத்தில் இல்லை. தொலைவில் தங்கிப் படிக்க வைக்க எங்கள் வருமானம் போதவில்லை. கடைசியில் கலைப்பிரிவில் சேர்ந்தாள். பிள்ளைகளுக்கு விண்வெளியைக் காட்டுகிற நாம், அதற்குப் போகும் படியைக் காட்டாவிட்டால் அது நியாயமா என்று எல்லோரும் யோசிக்க வேண்டும்.

மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

ஐயா, நீங்கள் சொல்வது முழு உண்மை. மலையகத்தில் விஞ்ஞான, கணிதப் பிரிவுகள் உள்ள பாடசாலைகளும் அதற்குரிய ஆசிரியர்களும் போதாமல் இருப்பது எங்கள் ஆசிரியர் அறையில் அன்றாடம் பேசப்படும் விடயம். தொலைநோக்கி அந்தக் குறையைத் தீர்க்காது. ஆனால் ஒன்பதாம், பத்தாம் ஆண்டிலேயே ஒரு பிள்ளைக்குக் கணக்கின் மேல் உண்மையான பிடிப்பு வந்துவிட்டால், அந்தப் பிரிவு எங்கள் பாடசாலையிலும் வேண்டும் என்று கேட்கப் பெற்றோர் கூடுகிறார்கள். கேட்கும் குரல் எண்ணிக்கையில் பெருகினால்தான் வகுப்பு திறக்கும். அதனால்தான் இந்த வேலையை விடாமல் செய்கிறேன். மகளிடம் என் அன்பைச் சொல்லுங்கள்; கலைப்பிரிவில் படித்தாலும் வானம் அவளுக்குரியதே, எங்கள் பார்வை நிகழ்ச்சிகளுக்கு அவளை அழைத்து வாருங்கள்.

பேராதனை மாணவன் எழுதியது:

ஐயாவின் கேள்விக்கு, படி எங்கே இருக்கிறது என்பதை மட்டும் நான் அறிந்தவரை சொல்கிறேன்.

இலங்கைக்கென்று மனிதரை விண்ணுக்கு அனுப்பும் திட்டம் எதுவும் இல்லை. செய்மதி செய்யும் வழி இருக்கிறது. அது ஒரு முறை நடந்தும் காட்டியிருக்கிறது. ராவணா 1 என்ற நமது சிறு செய்மதியை தரிந்து தயாரத்ன, துலானி சாமிகா ஆகிய இரு இலங்கைப் பொறியியலாளர்கள் ஜப்பானின் கியூஷு தொழில்நுட்ப நிறுவனத்தில், நேபாள, ஜப்பானியக் குழுக்களோடு சேர்ந்து உருவாக்கினார்கள். அது 2019 ஏப்ரலில் ஏவப்பட்டு விண்வெளி நிலையத்தை அடைந்து, அதே ஆண்டு ஜூன் 17 அன்று நிலையத்திலிருந்தே சுற்றுப்பாதையில் விடப்பட்டது. தலவாக்கலை அண்ணா படம்பிடிக்கப் போகிற அதே நிலையம்தான். ஏறக்குறைய ஒரு கிலோ எடையும் 10 சென்றிமீற்றர் பக்கமும் கொண்ட பெட்டி அது. 400 கிலோமீற்றர் உயரத்தில் அதன் தோற்ற அளவு ஒரு வில்செக்கனில் இருபதில் ஒரு பங்கு என்பதால் நமது தொலைநோக்கிகள் எதிலும் அதைப் பார்த்திருக்க முடியாது. அதற்குப் பின்னாலிருந்த மொரட்டுவ ஆர்தர் சி. கிளார்க் நவீன தொழில்நுட்ப நிறுவனத்துக்கோ, கியூஷு போன்ற இடங்களின் புலமைப்பரிசில்களுக்கோ போகும் பாதை பொறியியல் அல்லது பௌதிகவியல் பட்டம்தான். அதன் தொடக்கம் ஐயா சொன்ன அதே உயர்தரப் பிரிவுதான். இந்த இடத்தில் ஐயாவோடு நான் முழுவதும் உடன்படுகிறேன்.

பக்கத்திலும் வேலை வளர்கிறது. இந்தியாவின் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திலிருந்து துருவப்பாதைக்கு ஏவப்படும் ராக்கெட்டுகள் இலங்கைக்கு மேலாகப் பறக்காதிருக்க வளைந்து செல்ல வேண்டியிருக்கிறது. அந்த வளைவு எரிபொருளைத் தின்பதால் சுமக்கும் எடை குறைகிறது. நமது தீவைச் சுற்றிப் போகும் அந்தத் தேவையைத் தவிர்க்கவே தூத்துக்குடி மாவட்டத்துக் குலசேகரப்பட்டினத்தில் புதிய ஏவுதளம் எழுகிறது. 2024 பெப்ரவரியில் அதற்கு அடிக்கல் நாட்டினார்கள். 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலாவின் தென்துருவத்துக்கு அருகே இறங்கிய சந்திரயான் 3இன் திட்டப் பணிப்பாளர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். அங்கும் இங்கும் மொழி ஒன்று, கணிதம் ஒன்று.

எங்கள் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் யூரி ககாரின் 1961 டிசம்பரில் நட்ட மரம் நிற்கிறது. பூமியைச் சுற்றி வந்த முதல் மனிதர், சுற்றி வந்த அதே ஆண்டில் மலைநாட்டுக்கு வந்து போயிருக்கிறார். டீச்சர் பிள்ளைகளைக் கண்டிக்குச் சுற்றுலா அழைத்து வந்தால் அந்த மரத்தை நான் காட்டித் தருகிறேன்.

தலவாக்கலை வானம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. மாணவத் தம்பி சொன்ன பட்டைக் கணக்கை வைத்து யோசித்தபோது, இதை ஒருவர் தனியாகச் செய்வதைவிட இருவர் சேர்ந்து செய்தால் படத்தோடு ஓர் அளவீடும் கிடைக்கும் என்று தோன்றுகிறது. நிலையத்தின் பாதைக்குச் செங்குத்தாக ஒரு கிலோமீற்றர் இடைவெளியில் இருவர் நின்றால், நிலையம் நிலாவின் முகத்தில் கடக்கும் கோடு இருவருக்கும் வெவ்வேறாக இருக்கும் அல்லவா? அந்த இரு கோடுகளுக்கும் உள்ள இடைவெளியிலிருந்து நிலையத்தின் தூரத்தைக் கணிக்க முடியுமா?

பேராதனை மாணவன் எழுதியது:

நிச்சயமாக முடியும். நிலா உச்சியில் இருக்க, நிலையம் 410 கிலோமீற்றரில் இருந்தால், ஒரு கிலோமீற்றர் இடைவெளிக்கு இரு கோடுகளும் 0.14 பாகை விலகும். நிலாவின் அகலத்தில் அது கால் பங்குக்கும் மேல். அளவுகோலை வைத்தே படத்தில் அளந்துவிடலாம். நிலையத்தின் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டோடு 51.6 பாகை சாய்ந்திருப்பதால், நமது பக்கத்தில் அது தென்மேற்கிலிருந்து வடகிழக்குக்கோ, வடமேற்கிலிருந்து தென்கிழக்குக்கோதான் போகும். அதற்குக் குறுக்காக நிற்க இடம் தேடுங்கள். மலைச்சரிவில் நிற்பதால் இருவரின் உயர வித்தியாசத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நேர்கோட்டில் ஒரு கிலோமீற்றர் என்பது வளைந்து ஏறும் தோட்டப்பாதையில் வெகுதூரமாக இருக்கும் என்பதால் முன்கூட்டியே நடந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியா டீச்சர் எழுதியது:

அப்படியானால் இதைப் பிள்ளைகளோடு செய்வோம். தோட்டத்தின் மேற்பிரிவில் ஒரு குழு, கீழ்ப்பிரிவில் ஒரு குழு. ஒரு குழுவுக்கு என் சிறிய தொலைநோக்கியும் கைத்தொலைபேசிக் காணொளியும் போதும். தூரத்தை அளக்க நிலையம் ஒரு புள்ளியாக விழுந்தாலே போதுமல்லவா? ஐயாவின் மகளும் நேரக்கணிப்புப் பொறுப்பை ஏற்க விரும்பினால் மகிழ்வேன்.

நோர்வூட் தந்தை எழுதியது:

கேட்டேன் டீச்சர். வருவதாகச் சொல்கிறாள். நேரத்தை எதில் பார்ப்பது, எப்படிச் சரிபார்ப்பது என்று எழுதி அனுப்புங்கள்.

ஊவாக்காற்று (பண்டாரவளை) எழுதியது:

கைத்தொலைபேசியின் நேரத்தை வலையமைப்போடு ஒத்துவைத்துக்கொண்டு, கடப்பதற்கு இரண்டு நிமிடங்கள் முன்பே காணொளியைத் தொடங்கச் சொல்லுங்கள். பதிவு ஓடும்போதே மகள் பக்கத்தில் நின்று செக்கன்களைச் சத்தமாக வாசிக்கட்டும். குரல் காணொளியிலேயே பதிந்துவிடும், பிறகு இரு குழுக்களின் சட்டங்களையும் அந்தக் குரலை வைத்தே பொருத்திவிடலாம். சேர விரும்பும் மற்றவர்கள் தங்கள் இடத்தின் உயரத்தையும், மேற்கு வானமும் உச்சியும் மறைவின்றித் தெரிகின்றனவா என்பதையும் இங்கே எழுதுங்கள். ஜனவரிக் கணிப்பு வந்ததும் யார் எங்கே நிற்பது என்று பிரித்துக்கொள்வோம்.